கரவுறைக்கு நூற்றுக்கு நூறு

அறுபது பேரும் பதினான்கு ஆளில்லாப் பறப்பிகளும் நான்கு நாய்களும் ஹவில்தார் செண்பகவடிவைத் தேடி அந்த மலைச்சரிவைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தபோது, அவள் அவர்களுடைய காலடியில்தான் கிடந்தாள். தேடும் அணியின் தலைவர் கேப்டன் இருதயராஜ், அவள் முகத்துக்கு இரண்டு முழம் மேலே ஒரு பாறையின்மீது நின்றார்.

"சார், இங்க இருக்கேன் சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பூட்ஸ் சத்தம் நகர்ந்து போயிற்று.

கத்தினால் வெளியே கேட்காது. கரவுறையின் பெருமையே அதுதான். வேவுப்படைக்கென்று செய்த அந்த உடை உச்சி முதல் உள்ளங்கால் வரை இன்னொரு தோலாக மூடிக்கொள்ளும். பக்கத்துக் கல் என்ன சூட்டில் இருக்கிறதோ அந்தச் சூட்டுக்கு வந்துவிடும், அதன் நிறத்தையும் வரிகளையும் தன்மேல் வரைந்துகொள்ளும். வியர்வை வாடையை வடிகட்டும். உள்ளே எழுகிற ஓசைக்கு எதிரோசை எழுப்பி அதை விழுங்கிவிடும். அலை கசிந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் ரேடியோவும் அதில் கிடையாது. எதிரியின் எல்லைக்குள் பத்து நாள் குப்புறக் கிடந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டியவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இது அந்த உடைக்கு இறுதிச் சோதனை. வடிவு ஒளிய வேண்டும், மற்றவர்கள் மூன்று நாளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் உடை தேறியது. முதல் நாள் காலையிலேயே நல்ல இடுக்காகப் பார்த்து அவள் நுழைந்துகொண்டாள். அடுத்த கணம் மேலிருந்து பாறை சரிந்தது. மழைக்காலத்தில் அந்தச் சரிவில் தினம் நாலு கல் உருளும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளுடைய இடது கை முழங்கைவரை அடியில் மாட்டிக்கொண்டது. வலது கை நெஞ்சோடு நசுங்கிக் கிடந்தது. உடையைத் திறக்கும் பொத்தான் இடது மணிக்கட்டில் இருந்தது.

குரலால் திறக்கும் வசதியும் முதலில் இருந்தது. அதை எடுக்க வைத்த புண்ணியவதி இவளேதான். இரண்டு வருடம் முன்பு ஒரு பயிற்சியில், புதிதாகச் சேர்ந்த ஒருவன் காலில் பாம்பு ஊர்ந்ததும் "திற, திற" என்று அலறி, மொத்த அணியையும் காட்டிக்கொடுத்தான். மறுவாரமே உடை செய்கிற விஞ்ஞானிகளின் மேசைக்கு முன்னால் போய் நின்று வடிவு சொன்னாள்: "பயந்தவன் வாயில சாவியக் குடுக்காதீங்க. அந்த நேரத்துல அவன் வாய் அவன் சொன்னதக் கேக்காது."

பதினைந்து வருட அனுபவம் பேசினால் யார் மறுக்கப் போகிறார்கள்? எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது அந்த வார்த்தைகளை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் உடைக்குள்ளிருந்த நீர்க்குழாய் வறண்டுவிட்டது. மாலை நாலு மணிக்குச் சோதனை முடிந்ததற்கான ஊதல் கேட்டது. வடிவு அழுதேவிட்டாள். இனி அவள் வரவில்லையென்றால் பதறிப்போய்த் தோண்டிப் பார்ப்பார்களே!

"வடிவு, நீ ஜெயிச்சாச்சு! வெளிய வாம்மா!" என்று கேப்டனின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது. கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள்.

நாயக் முத்துவீரன்தான் முதலில் சிரித்தான். "அக்கா இப்ப எங்க சார் வருவாங்க? போன வருசம் ஊதல் ஊதி ஒண்ணரை நாள் தேட விட்டாங்களே, மறந்துட்டீங்களா? கடைசியில பாத்தா என் கூடாரத்துக்குள்ளயே உக்காந்து என் பிஸ்கட்டத் தின்னுக்கிட்டு இருந்தாங்க."

உண்மைதான். அந்தக் கதையை வடிவே ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன்ப்பா. பசிச்சா தானா வருவா, கெளம்புங்க," என்றார் கேப்டன். கையேட்டில் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டார். "உடைக்கு நூத்துக்கு நூறு. நாலாயிரம் செய்யச் சொல்லிரலாம்."

"அக்கா சொன்ன மாத்தத்தோடயா சார்?"

"பின்ன? அதானே இதுக்கு உயிரே."

தேடித் தோற்றவர்கள் ஒளிந்தவருக்கு ஒரு டம்ளர் தேநீர் வைத்துவிட்டுப் போவது அந்தப் படையில் வழக்கம். முத்துவீரன் குடுவையிலிருந்து ஊற்றி, காற்றுப் படாத இடமாகத் தேடி, அவள் கிடந்த இடுக்கின் வாயிலேயே குனிந்து வைத்தான். அவள் முகத்துக்கும் டம்ளருக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அவன் அவள் கண்ணை நேருக்கு நேர் பார்த்தான். அவள் வெறி பிடித்தவளாகத் தலையை ஆட்டினாள். உடை ஒவ்வொரு அசைவுக்கும் ஏற்றபடி கல்லின் வரிகளை மாற்றி மாற்றி வரைந்துகொண்டது.

"தோத்த டீ வச்சிருக்கேன்க்கா. ஆறிப் போறதுக்குள்ள வந்துருங்க," என்று காட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு அவன் ஓடினான். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின.

தேநீரின் ஆவி அவள் முகத்தில் பட்டது. உடை அதை உணர்ந்து, அவள் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று, தன்னையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்தது. மூன்று நாளாக விறைத்துக் கிடந்த அவள் கன்னத்துக்கு அது எவ்வளவோ இதமாக இருந்தது.

பிறகு தேநீர் ஆறியது. உடையும் அதோடு சேர்ந்து, ஒரு பாகைகூடப் பிசகாமல், ஆறியது.