அரைக் குப்பிக் கனவு

காலை ஆறு மணிக்குக் கனவு வண்டி தெருவுக்குள் வந்து மணியடித்தது. பெண்கள் தலையை அள்ளி முடிந்துகொண்டு, அவரவர் கனவுக் குப்பியோடு வாசலுக்கு வந்தார்கள். மூடியில் கட்டைவிரல் ரேகையைப் பதித்து வண்டியில் வைத்தார்கள். நாளைக்கான காலிக் குப்பியை வாங்கிக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுப்பு வேலைக்குத் திரும்பினார்கள்.

வியாழனின் யுரோப்பா நிலவின் பனிக்கூரைக்கு அடியில், இருண்ட கடலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது நீலத்துறைக் குடியிருப்பு. சுவர்களில் வளர்த்த பாசிதான் வெளிச்சம் தந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாரும் பாதித் தூக்கத்தில் நடப்பவர்கள் போலத் தெரிவார்கள். முதல் கப்பலில் வந்தவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். நாலு தலைமுறை கடந்தும் பேச்சு மாறவில்லை. பேச்சோடு வேறு சில பழக்கங்களும் கப்பலேறி வந்திருந்தன. பெண்டாட்டியை அடிப்பது அவற்றில் ஒன்று.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. இல்ல அமைதித் துறை முதலில் புகார்ப் பெட்டி வைத்தது. பெட்டி காலியாகவே இருந்தது. வீடு வீடாக ஆள் அனுப்பியது. எல்லா வீட்டிலும் நல்லா இருக்கோம் என்றார்கள். வாய் மறைப்பதைக் கனவு மறைக்காது என்று யோசித்த ஒரு விஞ்ஞானி, கடைசியில் கனவுறிஞ்சித் தலையணையைக் கண்டுபிடித்தார். தூங்குகிறவளின் கனவு அதில் ஊறி, விடியும்போது குப்பியில் திரவமாக இறங்கியிருக்கும். அதில் எத்தனை அச்ச அலகு என்று அளப்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து நாற்பதைத் தாண்டினால் வீட்டு ஆணுக்கு மூன்று மாதம் திருத்தக்கூடம். இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் போகப் பூமியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

இளவேனிலின் கனவில் தினமும் மழை பெய்யும். அவள் மழையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு பெரிய ஏரியின் நடுவில் கட்டில் போட்டுப் படுத்திருப்பாள். சுற்றிலும் பெய்யும், அவள் நனைய மாட்டாள். மீன்கள் கட்டில்கால் வரை வந்து அவள் பெயரைக் கேட்டுவிட்டுப் போகும். காலையில் குப்பியில் இளநீர் மாதிரி தெளிவாக நிற்கும் அந்தக் கனவு. மூன்று அலகு தேறினால் அதிகம்.

வண்டி வருவதற்கு அரைமணி நேரம் முன்பு, பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்வி பின்வாசல் வழியாக வருவாள். உறை ஊற்ற மோர் கேட்கிற குரலில்தான் கேட்பாள்.

"ஏட்டி, கொஞ்சம் ஊத்து. பாதி போதும்."

பாதிக் கனவோடு பாதித் தண்ணீர் கலந்தாலும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. தாமரைச்செல்வியின் சொந்தக் கனவு கருப்பட்டிப் பாகு போலக் கெட்டியாக இருக்கும். அதை இளவேனிலின் கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டுப் போவாள். ஆறு மாதமாக இப்படித்தான் நடந்தது.

ஒருநாள் அவள் இடதுகையில் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தாள்.

"கதவுல நசுங்கிட்டு" என்றாள்.

"எந்தக் கதவுக்கா? இங்க எல்லாக் கதவும் ஆளப் பாத்தா தானாத் தொறக்கதுதான?"

தாமரைச்செல்வி தொட்டியில் இறங்கும் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எலும்பு ஒட்டிக்கிடும்ட்டி. எங்க வீட்டு அவியளக் கூட்டிட்டுப் போயிட்டா நான் இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? நீ குடுக்கலேன்னா சொல்லு, வேற வீட்டுல வாங்கிக்கிடுதேன்."

இளவேனிலுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அவளுடைய நல்ல தூக்கம் அல்லவா தாமரைச்செல்வியின் புருஷன் அதிவீரனுக்குக் காவல் நிற்கிறது. இன்று விரல், நாளை எதுவோ. தன் கணவன் பொழிலனிடம் சொன்னாள். அவன் பாசி விளக்குகளைத் துடைக்கிறவன். கண்ணாடியில் ஒட்டிய சிறு நத்தையைக்கூடப் பிய்த்தெறியாமல் நகர்த்தி வைக்கிறவன்.

"அக்கா கனவ நம்ம பேருல குடுத்துருவோம்" என்றான் யோசித்து. "அதுல அந்த ஆளு மூஞ்சி தெரியும்லா? பாத்த ஒடனே எந்த வீடுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிரும்."

மூன்று நாள் இளவேனில், நான் கொட்டிடுதேன்க்கா என்று சொல்லிக் கறுப்புக் குப்பியை வாங்கி வைத்துக்கொண்டாள். தன் கனவு முழுவதையும் தாமரைச்செல்விக்கு ஊற்றிக் கொடுத்தாள். தன் ரேகையைப் பதித்துக் கறுப்பை வண்டியில் வைத்தாள். மனசு லேசாக இருந்தது.

நான்காம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். இளவேனிலின் வீட்டுக்குத்தான், பொழிலனைக் கூட்டிப்போக வந்தார்கள்.

"அதுல இருக்கிற மூஞ்சியப் பாக்கலையா மேடம்?" என்று கேட்டாள் இளவேனில்.

"கனவுக்குள்ள நாங்க எட்டிப் பாக்கக் கூடாதும்மா, அது உங்க அந்தரங்கம்" என்றாள் அதிகாரி பரிவோடு. "பயம் எவ்வளவுன்னு அளக்கலாம். சட்டத்துல அவ்வளவுதான் இடம்."

"அது என் கனவே இல்ல. பக்கத்து வீட்டு அக்காவோடது."

"மொதல் நாள் எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. சரி, அவங்களையே கேட்டுருவோம்."

பக்கத்து வீட்டில் தாமரைச்செல்வி வாசலுக்கு வந்தாள். பின்னால் அதிவீரன் அவள் தோளில் கைபோட்டு நின்றான். அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அடிக்கிற சத்தம் கேக்கும். அவங்க வீட்டுலேருந்துதான். குடும்ப விஷயம்னு நாங்க தலையிடல."

அதற்கடுத்த வீடுகளிலும் அதையே சொன்னார்கள். சத்தம் கேட்டது எல்லாருக்கும் நிஜம்தான். சத்தம் வந்த வீட்டை மட்டும் ஒரு வீடு தள்ளி வைத்துச் சொன்னார்கள்.

மத்தியானம் தாமரைச்செல்வி வந்தாள். பின்வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"உங்க வீட்டு அவிய யாரு மேலயும் கை வைக்க மாட்டாவன்னு எனக்குத் தெரியும்ட்டி. அதனாலதான் தைரியமாச் சொன்னேன்."

அன்றிலிருந்து இளவேனிலின் கனவில் மழை நின்றுவிட்டது. தாமரைச்செல்வி குப்பியை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

திருத்தக்கூடத்தின் முதல் வகுப்புக்குக் குடும்பத்தாரும் போக வேண்டும். பன்னிரண்டு ஆண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பொழிலன் ஓரத்தில், இளவேனில் அவனுக்குப் பின்னால். நடத்துகிறவர் ஒரு முன்மாதிரி இல்லத்தலைவர் என்றும், அவர் வீட்டில்தான் கடந்த அரையாண்டில் நீலத்துறையிலேயே மிகக் குறைந்த அச்ச அலகு பதிவானது என்றும் அறிவித்தார்கள். கைதட்டலுக்கு நடுவே அதிவீரன் மேடையேறினான்.

நன்றாகவே பேசினான். கோபம் வந்தால் பத்து எண்ண வேண்டும், எண்ணும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டினான். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பினான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே மாதத்தில் வீட்டுக்குப் போகலாம் என்பது விதி. பொழிலன் எழுந்து இளவேனிலைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

"கோவத்துல அடிச்சிட்டேன் அண்ணே" என்றான். அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

அதிவீரன் இறங்கி வந்து அவன் தோளில் கை போட்டான். அதிகாரிகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, உண்மையான வாஞ்சையோடு சொன்னான்.

"இதுக்குப் போயி எதுக்குத் தம்பி தலையக் குனியுதீங்க? எல்லா வீட்டுலயும் நடக்கதுதான."

முன்வரிசையில் இருந்த மற்றப் பதினொரு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.