டாங்கியின் மேல் ஒரு வெள்ளைத் திட்டு

காலை ஏழு மணிக்குப் பாப்பாயி கஞ்சித் தூக்கோடு வந்து கதவைத் தள்ளியபோது, சின்னண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார். பக்கத்து முக்காலியில் பால் டம்ளர். அதன் அடியில் கரையாமல் தங்கிய மாத்திரைத் தூள்.

சேந்தமங்கலம் எஸ்.ஐ. உஷாராணி வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஒரு வழக்கு கைக்கு வந்துவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே கேட்டாள்.

"கையில என்ன கட்டு?"

"நேத்துச் சாயங்காலம் கெணத்து மேட்டுல வழுக்கி உழுந்துட்டாருங்க அம்மணி. ஆசுபத்திரியில மாவுக்கட்டுப் போட்டு, வெள்ளைத் துணியில கழுத்தோட தூக்கிக் கட்டியுட்டாங்க" என்றாள் பாப்பாயி.

"பால் கொடுத்தது யாரு?"

"நானில்லீங்க. களி போட்டுக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டனுங்க. தாப்பாப் போட்டுக்குங்கண்ணான்னு சொல்லி, அவரு போட்ட சத்தமுங் கேட்டுத்தான் போனேன். காலையில வந்தா தொறந்து கெடக்குது."

சின்னண்ணன் ஓய்வுபெற்ற சுபேதார். மனைவியும் போய்விட்டாள், பிள்ளையும் இல்லை. எழுபத்தொன்றாம் வருஷம் ராஜஸ்தான் மணலில் அவர் போட்ட சண்டையைக் கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துப்போயிருந்தது. நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில் அதற்குச் சாட்சியாகக் கண்ணாடி போட்ட பெரிய போட்டோ. பிற்பாடு பழைய சிப்பாய்கள் குடும்பத்தோடு அந்தப் போர்க்களத்தைப் பார்க்கப் போனபோது, அங்கே நின்ற போட்டோக்காரர் எடுத்துக் கொடுத்தது. எதிரியிடம் பிடித்த கன்னங்கரிய டாங்கி. அதன் முன்னால் சிப்பாய்களும் சம்சாரங்களும் வரிசையாக. நடுவில் மீசையும் மிடுக்குமாகச் சின்னண்ணன். அவர் பக்கத்தில் இளவயதுப் பாப்பாயி, சண்டையில் செத்த தன் புருஷனின் படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு.

"இந்தம்மாதான் மேடம்." வாசலில் நின்ற குருமூர்த்தி கை நீட்டினான். இறந்தவருக்கு அண்ணன் மகன். வாழப்பாடியில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறான். "சித்தப்பாவை மயக்கிக் காடு தோட்டத்தை எழுதி வாங்கிட்டு, கதையை முடிச்சிருச்சு. நான் பொங்கலுக்கு வந்துட்டுப் போனவன். அப்பவே சித்தப்பாகிட்ட எச்சரிச்சேன்."

"எழுதலீங்க" என்றாள் பாப்பாயி. "திங்கக்கெழம பதிவுக்குப் போலாம்னு சொல்லியிருந்தாரு. வேண்டாம்னுதான் நானுஞ் சொன்னேன்."

ஏட்டு சிவபிரகாஷ் காதோரம் குனிந்தார். "டி.எஸ்.பி. ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாருங்க மேடம். அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிரலாங்களா?"

பாப்பாயி அதைக் கேட்டுவிட்டாள். "இப்பக் கூட்டிப் போனீங்கன்னா அண்ணனுக்கு வாய்க்கரிசி போட நான் இருக்க மாட்டனுங்களே" என்றாள். அவள் அழவில்லை.

உஷாராணி வீட்டுக்குள் நிற்க முடியாமல் தெருமுனை வரை போனாள். சாவு வீட்டில் ஒப்பாரி தொடங்கும் முன்னே பேனர் எழும்பிவிடும் காலம் இது. அங்கே ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காகக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். கீழே கொட்டை எழுத்தில் குருமூர்த்தியின் பெயர். சுவரில் இருந்த அதே போட்டோதான்; மற்றவர்களையெல்லாம் வெட்டிவிட்டுச் சின்னண்ணனையும் டாங்கியையும் மட்டும் ஊதிப் பெரிதாக்கியிருந்தார்கள். டாங்கியின் வயிற்றில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு. அதன் மேலே சின்னதாக ஒரு மினுக்கம்.

அச்சுக் கோளாறு என்று நினைத்துத் திரும்பி நடந்தவள், பாதி வழியில் வேகம் கூட்டினாள். கூடத்துக்குள் வந்து சுவர்ப் படத்தின் முன் நின்றாள். அசல் படத்தில் டாங்கி முழுக்கக் கறுப்பு. கொஞ்சம் விலகி நின்று மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து ஓடிய கால்கள் அங்கே நின்றன.

"குருமூர்த்தி, பேனர் நல்லாயிருக்கு. யார் ஐடியா?"

"நான்தான் மேடம். டாங்கியோட போட்டாதான் சித்தப்பாவுக்குக் கெத்துன்னு சொன்னேன்."

"படம் எப்ப எடுத்தீங்க?"

"பொங்கலுக்கு வந்தப்ப. இந்தப் படத்தை அப்படியே செல்லுல எடுத்து வச்சிருந்தேன்."

"இங்க வந்து நின்னு கண்ணாடியைப் பாருங்க. என்ன தெரியுது?"

அவன் வந்து பார்த்தான். கறுத்த டாங்கியின் மேல், எதிர் நாற்காலியில் இன்னும் அப்படியே இருக்கும் சித்தப்பாவின் பிம்பம் மங்கலாகத் தெரிந்தது. கழுத்திலிருந்து தொங்கும் தூக்குத்துணி மட்டும் பளிச்சென்று, முக்கோணமாக.

"பேனர்ல இருக்கறதும் இதே முக்கோணந்தான். நேத்துச் சாயங்காலம் கட்டின துணி, பொங்கலுக்கு எடுத்த படத்துல எப்படி வந்துச்சு?"

குருமூர்த்தி வாசலைத் திரும்பிப் பார்த்தான். "தப்பாச் சொல்லிட்டேன் மேடம். காலையில, சேதி கேட்டு வந்து எடுத்தேன்."

"காலையில சித்தப்பா பிணம். பேனர்ல துணிக்கு மேல மின்னுறது டம்ளர். வாய்க்கிட்ட தூக்கிப் பிடிச்சிருக்காரு. பிணம் பால் குடிக்குமா?"

அவன் கை சட்டைப்பையிலிருந்த செல்போனைப் பொத்தியது.

"ராத்திரி கை முறிஞ்ச மனுஷனைப் பார்க்க வந்தீங்க. அண்ணன் மகனாச்சேன்னு தாழ்ப்பாளைத் திறந்தாரு. பதிவுக்கு முன்னாடி முடிக்கணும்னு பால்ல மாத்திரையைக் கரைச்சுக் கொடுத்தீங்க. அதோட போயிருந்தா நான் இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். ஊருக்கு முந்தி நம்ம பேனர் எழும்பணுமேன்னு, அவர் குடிச்சு முடிக்கறதுக்குள்ள அஞ்சலிக்குப் படம் எடுத்தீங்க. உசுரோட இருக்கறவருக்கு." உஷாராணி நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "தன் போட்டோவை ஆசையா எடுக்கறான்னு அவர் சந்தோஷப்பட்டிருப்பாருய்யா."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவன் செல்போன் பேனரின் அசலை அப்படியே வைத்திருந்தது. சிவபிரகாஷ் அதையும் வாங்கிக்கொண்டு, அவனையும் வண்டியில் ஏற்றினார்.

மாலையில் நாமக்கல்லில் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் திரும்பியது. ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். தலைமாட்டில் வைக்கச் சுவர்ப் படத்தைக் கழற்றிய உஷாராணி, மாலை கைக்கு வந்ததும் தயங்கினாள். உயிரோடிருக்கிறவர் படத்துக்கு மாலை போடுவது எங்கேயும் இல்லை. படத்தில் பாப்பாயி நிற்கிறாளே.

"எம்புருசன் உழுந்த எடத்தை அன்னிக்கு அண்ணந்தான் காமிச்சாரு. அந்த மண்ணை ஒரு கை அள்ளிக் குடுத்தாரு" என்றாள் பாப்பாயி. "போடுங்க அம்மணி. இந்த வரிசையில பாக்கி நான் ஒருத்திதானுங்க."

உஷாராணி மாலையை அவள் கையிலேயே கொடுத்தாள். பாப்பாயி அதைப் படத்துக்குப் போட்டு, தன் முகத்தை மறைத்த பூவை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, வாய்க்கரிசித் தட்டை எடுக்கப் போனாள்.