ஃபஹ்ரியின் சிவப்புப் படம்

"இதை அச்சுப் போட முடியாது" என்றார் ஜெராக்ஸ் கடை ஹம்சா.

லீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி பத்தரை. பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து நீச்சல் வாத்தியார் இத்ருஸ் சார் படகேறிவிடுவார். மாவட்ட நீச்சல் போட்டிக்கான விண்ணப்பங்களை இன்றே அவர் கையில் அம்போன் நகரத்துக்கு அனுப்பியாக வேண்டும். அடுத்த படகு திங்கட்கிழமைதான். தீவில் ஸ்டுடியோ வைத்திருப்பவரோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதனால்தான் அவளே தம்பி ஃபஹ்ரியை அம்மாவின் போனில் படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"ஏண்ணே, படம் நல்லாத்தானே இருக்கு?"

"தம்பி எந்த வருஷம் பொறந்தான்?"

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு."

"ஒத்தைப்படை வருஷம்! விண்ணப்பப் படம்னா அந்த வருஷத்துல பொறந்தவங்களுக்குப் பின்னாடி செவப்புல்ல இருக்கணும்? நீ நீலத் துணியைக் கட்டி எடுத்திருக்கியே!"

லீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் பிறந்தது பன்னிரண்டில், இரட்டைப்படை; அந்த வருடங்களில் பிறந்தவர்களுக்கு நீலம் என்பது விதி. அவளுடைய படங்களுக்கெல்லாம் நீலம்தான். அதே நினைப்பில் தம்பிக்கும் நீலத் துணியை மாட்டிவிட்டாள்.

"அவ்வளவுதானே! போன்லயே செவப்பா மாத்திடறேன்" என்று கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னணியைத் தொட்டு, சிவப்பைத் தட்டினாள். துணி சிவந்தது. கூடவே ஃபஹ்ரியின் நீலப் பனியனும் சிவந்தது. சிவப்பு நடுவே தலை மட்டும் தனியாகத் தெரிந்தது. ஒரு காதில் பாதியையும் காணோம்.

ஹம்சா எட்டிப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நீச்சல்காரன்தான், ஒத்துக்கறேன். அதுக்காகப் படத்துலயுமா கழுத்தளவு தண்ணியில நிப்பான்?"

லீனாவுக்கு அழுகை முட்டியது. காதை ஒட்டவைத்துப் பார்த்தாள். அது பலாக்கொட்டை மாதிரி வந்தது. துணியில் விழுந்திருந்த நிழலை அழித்தால் தலைமுடியும் சேர்ந்து அழிந்தது.

"போதும்! முதல்லயிருந்து எடுக்கறேன்" என்று எழுந்தாள்.

வீட்டில் ஃபஹ்ரி நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"அக்கா, இந்தத் தடவையும் என் பேரு போகாதா?"

போன வருடம் காய்ச்சலால் அவன் போக முடியவில்லை. அதிலிருந்து தினமும் விடியற்காலையில் நீந்துகிறான்.

"போகும். அனுப்பாம விடமாட்டேன். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையைப் போடு, ஓடு!"

சிவப்புத் துணிக்கு எங்கே போவது? வீட்டைப் புரட்டிப் போட்டும் கிடைக்கவில்லை. வாசலுக்கு வந்தவளின் கண்ணில் கடற்கரை பட்டது. வாதாம் மரத்தடியில் பக்கத்து வீட்டுப் படகு கரையேறிக் கிடந்தது. நேற்றுத்தான் அதற்குப் பளிச்சென்று சிவப்புச் சாயம் அடித்திருந்தார்கள்.

"இங்க வா! வெயில்ல நிக்காதே, கண்ணுக்குக் கீழ கறுப்பாத் தெரியும். மர நிழலுக்குள்ள வா. படகை ஒட்டி நிக்காதே, ரெண்டடி முன்னாடி!"

"எதுக்கு?"

"ஒட்டி நின்னா உன் நிழல் விழும். சட்டையில சாயமும் ஒட்டும். அப்புறம் அம்மா ரெண்டு பேரையும் உரிச்சுடுவாங்க."

கை நடுங்காமலிருக்க, கவிழ்த்துப் போட்ட மீன்கூடைகளின் மேல் போனை நிறுத்தினாள். அவன் முகத்துக்கு நேராக உயரத்தைச் சரிசெய்தாள். லென்ஸைப் பாவாடையால் துடைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

கண் மூடியிருந்தது. மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் மூடியிருந்தது.

"டேய்!"

"மூணுன்னு சொன்னதும் தானா மூடிக்குதுக்கா. நான் என்ன பண்ண?"

லீனா கொஞ்சம் யோசித்தாள். "சரி, இன்னொரு தரம். ஒண்ணு, ரெண்டு…" என்றவள், இரண்டிலேயே அழுத்திவிட்டாள்.

கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. காதுகளும் முழுசாக இருந்தன! லேசாகச் சாய்ந்திருந்த படத்தை நேராக்கினாள். தோளுக்குக் கீழே வெட்டினாள். வெளிச்சத்தைத் துளி கூட்டினாள். அதற்குமேல் எதையும் தொடவில்லை.

ஹம்சா படத்தை உற்றுப் பார்த்தார். இந்தமுறை சிரிக்கவில்லை, நேராக அச்சு இயந்திரத்தைப் போட்டார்.

படகு ஊதும்போது அக்காவும் தம்பியும் துறையை அடைந்தார்கள். இத்ருஸ் சார் படத்தை விண்ணப்பத்தில் ஒட்டி, பைக்குள் வைத்தார். "பிரமாதம்! இனி நான் பார்த்துக்கறேன்" என்று ஏறிக்கொண்டார்.

படகு நகர்ந்தது. ஃபஹ்ரி அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இனிமே நான் ஜெயிக்கறது மட்டும்தானே பாக்கி?"

"ஆமாம். அதையும் என் தலையில கட்டாதே!" என்றாள் லீனா.