இரண்டு பேருக்கான பெட்டி

1989 ஆவணியில், கலியாணமாகிப் பத்தாம் நாள், புங்குடுதீவில் என் கணவர் பாலசிங்கத்தின் வீட்டுக்கு வந்து இறங்கினேன். பெரிய கல்வீடு, ஆட்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். நடு அறையில் ஒரு ரிவி, அதன் மேல் அவர் ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டி, சுவரில் அவருடைய முதல் மனைவி யோகம்மாவின் படம். மூன்று வருடத்துக்கு முன் ஜேர்மனியிலேயே காய்ச்சலில் செத்துப்போனவள். என்னைவிட வடிவு. வந்த அன்றே அது என் நெஞ்சில் தைத்துவிட்டது.

பெட்டியில் இருந்தது ஒரு பாதாளக் கோட்டை விளையாட்டு. பேய்களைச் சுட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். ஒவ்வொருவருடைய உயிரும் ஓர் எண்ணாகத் திரையில் நிற்கும். அது ஓயாமல் குறையும். வழியில் கிடக்கும் சாப்பாட்டை எடுத்தால் கூடும்.

"அங்கை ஜேர்மனியிலை விளையாட்டுக் கடையிலை பெரிய மிசின். நாலு பேர் ஒண்டாய் நிண்டு விளையாடலாம், ஒராளை ஒராள் சுட்டால் உயிர் குறையும்," என்றார் அவர். "இது வீட்டுப் பெட்டி. ரெண்டு பேர்தான். எங்களுக்குள்ளை சுட்டால் ஒண்டும் செய்யாது."

"ஆரோடை விளையாடினனீங்கள்?"

"யோகத்தோடைதான். அவளை ஒருத்தராலும் வெல்லேலாது."

கேட்டிருக்கக் கூடாது. அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கென்று அவர் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

அடுத்த கிழமை அவளுடைய திவசம். அவருடைய தமக்கை, என் மச்சாள் இலட்சுமிப்பிள்ளை நடு அறையில் வாழையிலை போட்டுப் படைத்தாள்.

"பரிமளம், கதவைச் சாத்திவிடும். அவ வந்து சாப்பிடுற நேரம். அரை மணித்தியாலத்துக்குத் திறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

நான் ஐந்து நிமிடத்தில் திறந்தேன். இலையை அப்படியே சுருட்டி மாட்டுக்குப் போட்டேன். செத்த பிறகும் அவளுக்கு என்ன விருந்து?

மத்தியானம் நானே அவரைக் கூப்பிட்டேன். "இண்டைக்கு என்னோடை விளையாடுங்கோ."

அவர் பின்வளவில் ஜெனரேற்றரைப் போட்டுவிட்டு வந்தார். வெயில் திரையில் விழாமல் ஜன்னல்களை அடைத்தோம். அறையில் இன்னும் சாம்பிராணி மணத்தது. பொத்தான் வைத்த விளையாட்டுக் கைப்பிடியை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பாயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். திரையில் எங்கள் இரண்டு வீரர்கள்.

பிறகு மூன்றாவதாக ஒரு பெண் உருவம் வந்து நின்றது.

"ரெண்டு பேர்தான் எண்டீங்கள்?"



அது எனக்கு முன்னால் ஓடிச் சாப்பாட்டை எடுத்தது. அடுத்த அறையிலும் எடுத்தது. எனக்கென்று ஒன்றும் விடவில்லை. பட்டினி கிடந்தவளின் அவசரம்.

எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முந்தியது. சுட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் திரும்பினாள்.

என்னைச் சுட்டாள்.

என் எண் நூறு குறைந்தது. இன்னொரு நூறு. எனக்கு வீட்டுப் பெட்டியின் சட்டம். அவளுக்குக் கடை மிசினின் சட்டம்.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ," என்று கிசுகிசுத்தேன். "நான் அவவின்ரை இலையை எடுத்துப்போட்டன். அவவைச் சாப்பிட விடேல்லை."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றார் மெல்ல. "விட்டிருந்தால் சாப்பிட்டிட்டுப் போயிருப்பாள்."

கைப்பிடியை எறிந்துவிட்டு ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. அவர் கொஞ்சம் அரக்கி, பாயில் ஓராளுக்கு இடம் விட்டு இருந்தார்.

நான் எறிந்த கைப்பிடி அந்த இடத்தில் இருந்தது. அதன் பொத்தான் அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது.