கேள்வி மாமா காத்திருக்கிறார்

யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் கேள்வி மாமா தலையாட்டினார்.

எடிட்டர் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தாள். கூடையில் ஐந்து பந்து, இரண்டு உருண்டு ஓடிவிட்டது, மீதி எத்தனை என்று மாமா கேட்கிறார். அப்புறம் நான்கு நொடி மௌனம். அந்த மௌனத்தில் மாமா கேமராவைப் பார்த்தபடி அசையாமல் இருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது நொடி முடிந்த கையோடு அவருடைய பெரிய துணித்தலை மெல்லக் கீழே இறங்கி மேலே வந்தது. சரியான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து வாத்தியார் தலையாட்டுவாரே, அப்படி.

அவள் வேலை பார்ப்பது ஒரு குழந்தைகள் சேனலில். பெரியவர்களுக்கான டிவி போட்டிகளைக் கிண்டல் செய்தபடியே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொம்மை நிகழ்ச்சி அது. பளபள கோட்டுப் போட்ட கேள்வி மாமா, 'உறுதியா? நல்லா யோசிச்சீங்களா? கடைசி வாய்ப்பு!' என்று ஒன்றுமில்லாத கேள்விக்கு உயிரை எடுப்பார். நீள மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் போட்டியாளர் முதலை, கேள்வி கேட்கும் முன்பே மணியை அடித்துவிட்டு முழிக்கும். கோழி உதவிக்கு நண்பருக்குப் போன் போடும். எதிர்முனையில் எடுப்பது இன்னும் பொரிக்காத அதன் முட்டை. கடைசியில் ஜெயித்தவர் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கதவில் ஒன்றைத் திறக்கச் சொல்வார். உள்ளே ஒற்றைக் காலுறை இருக்கும், இல்லாவிட்டால் ஓட்டை வாளி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த நான்கு நொடி மௌனம் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் பதில் சொல்வதற்கு. டிவிக்காரர்களுக்குப் பேயைவிட மௌனத்திடம்தான் பயம் அதிகம். ஒரு நொடி போதும் என்று மேலதிகாரி குதித்தபோது, மல்லுக்கட்டி நான்கு நொடி வாங்கியவள் இவள்தான்.

பொம்மலாட்டக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினாள். பதினைந்து வருடமாகப் பொம்மைகளுக்குக் கை கொடுப்பவர், மாமாவின் குரலும் அவருடையதுதான். மதியச் சாப்பாட்டுக் கை காயாமல் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அண்ணே, இந்த இடத்துல தலையாட்டணும்னு டைரக்டர் சொன்னாரா?"

அவர் பார்த்தார். சிரித்தார். பிறகு இன்னொரு தரம் பார்த்தபோது சிரிக்கவில்லை.

"இதுல நான் இல்லம்மா."

"நீங்க இல்லாம?"

"அந்த நாலு நொடிக்கு மாமாவை இரும்பு ஸ்டாண்டுல மாட்டிருவோம்ல? இல்லேன்னா ஒரு நாளைக்கு அறுபது கேள்விக்குக் கைய தூக்கிப் பிடிச்சா தோள்பட்டை கழண்டுரும். நான் அந்தாண்ட நின்னு கைய உதறிக்கிட்டு இருந்தேன்."

"ஸ்டாண்டு ஆடியிருக்குமா?"

"ஆடுனா பக்கவாட்டுல ஆடும். இப்படி ஆடாது." அவர் தன் வலது கையைப் பார்த்தார். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கேட்காமலே, "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜன்னலில்லாத அறை அது. எந்த மணிக்கும் ஒரே வெளிச்சம், ஏசியின் ஒரே இரைச்சல், சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி வாசனை. ஆறு வருடமாக அவளுக்கு இது வீட்டைவிடப் பழகிய இடம். இன்று முதுகுப்பக்கம் இருந்த கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஒரு துணிப் பொம்மை தலையாட்டியதற்கா இந்த ஆட்டம்?

பழைய பகுதிகளைத் திறந்தாள். முதல் பத்தில் ஒன்றுமில்லை. பதினொன்றாவதில் தலையாட்டல் இருந்தது. பன்னிரண்டில் இருந்தது. முப்பதில், தொண்ணூறில், நேற்று ஒளிபரப்பானதில், எல்லாவற்றிலும் இருந்தது. கண்ணிமைக்கும் நேரப் பிசகைக்கூடக் கண்டுபிடிப்பவள் என்று அலுவலகத்தில் பெயரெடுத்தவள் அவள். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தாள்? அல்லது இத்தனை நாள் இது இல்லாமல் இருந்ததா?

பதினொன்றாவது பகுதி அவளுக்கு மறக்காது. அந்தப் பகுதியிலிருந்துதான் அவள் வெட்டிய படத்தை லேப்டாப்பில் வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் குட்டிக்குப் போட்டுக் காட்டத் தொடங்கினாள். மேலதிகாரியிடம் வாதாட ஆதாரம் வேண்டுமே. சோபாவில் குட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து பதில் சொல்வாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நொடியில் சொல்கிறாள் என்று நோட்டில் குறிப்பாள். குட்டி திணறும் இடத்தில் மறுநாள் மௌனத்தை அரை நொடி நீட்டுவாள், சட்டென்று சொல்லும் இடத்தில் குறைப்பாள். நாடு முழுக்க எத்தனையோ பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சி, ஆனால் மாமாவின் பொறுமையை அவள் தைத்தது ஒரே ஒரு பிள்ளையின் அளவுக்கு. அது தப்பென்று அன்று தோன்றவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தாள். மூன்றரை நொடி என்று எழுதிய இடத்தில் மாமா மூன்றரையில் தலையாட்டினார். இரண்டு என்று எழுதிய இடத்தில் இரண்டில். பட்டாம்பூச்சிக்கு எத்தனை கால் என்ற கேள்விக்குப் பக்கத்தில், 'ரெண்டுன்னு சொல்றா, செருப்பு ஒரு ஜோடி போதுமாம்' என்று எழுதிச் சிரிப்பு முகம் வரைந்திருந்தாள். அந்த இடத்துக்குப் படத்தை ஓட்டினாள். மாமா தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

அவள் எழுந்து நின்றாள். மணி மூன்று ஐம்பத்தைந்து. இன்றைய பகுதி நான்கு மணிக்கு.

கணவனின் போனுக்கு அடித்தாள். அவன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். பின்னறையில் கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டினால் இடி விழுந்தாலும் தெரியாது. போன் ஹாலில் சார்ஜில் கிடக்கும். குட்டிதான் எடுத்தாள்.

"அம்மா, நான் ஜெயிச்சிட்டேனே!"

"எதுல குட்டி?"

"மாமா கேள்வில. எல்லாமே ரைட்டு."

"நேத்து நான் போட்டுக் காட்டுனதுல பந்து எத்தனைன்னு கேட்டாரே, அதுவா?"

"அது எல்லாருக்கும் கேக்கறது. எனக்குத் தனியா கேப்பாரு."

"தனியா என்ன கேட்டாரு?"

"ஹால்ல எத்தனை ஜன்னல்னு. அப்பா எந்த ரூம்ல இருப்பாருன்னு. அந்தக் கதவு சாத்தியிருக்குமான்னு. அப்புறம் நான் எவ்ளோ உயரம்னு கேட்டாரு. சுவத்துல நீ கோடு போட்டிருக்கேல்ல, போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னேன். அதுவரைக்கும் வெயிட் பண்ணாரு, பாவம்."

"உயரம் எதுக்குடா?"

"மேசை எட்டணும்ல! அம்மா, இன்னைக்குக் கதவு தொறக்கற நாள்."

"குட்டி, அம்மா சொல்றதைக் கேளு. டிவியை ஆஃப் பண்ணு. அப்பாகிட்ட ஓடிப்போய் போனைக் குடு. இப்பவே."

"ஐ, ஆரம்பிச்சிருச்சு!"

போன் மெத்தென்ற எதன்மேலோ விழுந்தது. சோபா. இணைப்பு அறுபடவில்லை. தூரத்தில் நிகழ்ச்சியின் ஊதுகுழல் இசை கேட்டது.

வீடு ஒரு மணி நேரத் தூரம். ஒளிபரப்பு அறை இரண்டு மாடி கீழே. போனைக் காதோடு அழுத்தியபடி படிக்கட்டில் இறங்கினாள், ஒரு செருப்பு கழன்று உருண்டது, எடுக்கவில்லை. காதில் மாமாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. 'உறுதியா? நல்லா யோசிச்சீங்களா?' பொம்மலாட்டக்காரரின் குரல்தான். அவர் சொன்னபோது வேடிக்கையாக இருந்த அதே வார்த்தைகள்தான்.

ஒளிபரப்பு அறையில் ஆபரேட்டர் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கத் திரைகள்.

"நிறுத்துங்க. நாலு மணி ப்ரோக்ராமை நிறுத்துங்க."

"என்ன மேடம், தப்பான டேப்பா?"

"நிறுத்துங்க சார்!"

"எழுத்துல வரணுமே மேடம். நானா நிறுத்தினா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க."

நல்ல மனிதர். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அவரைத் தாண்டிப் போய், குழந்தைகள் சேனலின் பெயர் ஒட்டியிருந்த இயந்திரத்தின் பின்பக்கத்தில் கை விட்டு, பிடியில் சிக்கிய வயரையெல்லாம் பிடுங்கினாள்.

திரை கறுத்தது.

ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ மேடம். மொத்தமா போச்சு. இப்ப எந்த வீட்டுலயும் ஒண்ணும் தெரியாது."

அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில். ஒரு மூச்சு விடும் நேரம்.

காதில் மாமா சொன்னார்: 'சிவப்பா? மஞ்சளா? நீலமா?'

முரசு அதிர்ந்தது. நின்றது.

மௌனம்.

ஒன்று.

"குட்டி! சொல்லாதே! குட்டி!"

சோபாவில் கவிழ்ந்து கிடக்கும் போனிலிருந்து அவள் கத்தல் கொசு ரீங்காரமாகத்தான் கேட்கும். தெரிந்தே கத்தினாள்.

இரண்டு.

"என்னங்க! வெளிய வாங்க! என்னங்க!"

மூன்று.

குட்டி யோசிக்கிறாள். யோசிக்கட்டும். நேரம் முடிந்துவிடட்டும். நான்கு நொடிதான். நான்கே நொடி. முடிந்துவிடும்.

நான்கு.

ஐந்து.

மாமா காத்திருந்தார். அவள்தான் பழக்கியிருந்தாள்.

"மஞ்சள்," என்றாள் குட்டி.

கீல் முனகும் சத்தம். செட்டில் அந்தக் கதவுகளுக்குக் கீல் கிடையாது, அட்டைக் கதவுகள். கைதட்டல். சின்னக் காலடிகள் தரையில் ஓடிப்போய், ஓடிப்போய், ஹாலின் நீளத்தைத் தாண்டியும் ஓடின. பிறகு மெல்ல ஏதோ சாத்திக்கொண்டது.

ஆபரேட்டர் யாருக்கோ போனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. குட்டி, குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிப்போய் காற்றுதான் வந்தது.

போனை யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, என்ன, இவ்ளோ நேரமா லைன்லயா இருக்க? இப்பதான் மீட்டிங் முடிஞ்சுது."

"குட்டி." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்." அவன் சிரித்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே நீ? எப்ப ஷூட் பண்ணீங்க?"

"எதை?"

"நம்ம குட்டியை! டிவில வர்றா. முதலைக்கும் கோழிக்கும் நடுவுல நிக்கறா, பெரிய மனுஷி மாதிரி. ஏ குட்டி, எங்க இருக்க? வா, உன்னைக் காட்டறாங்க! பாத்ரூம்ல இருக்கா போல."

அவள் தலையைத் தூக்கி எதிர்த் திரையைப் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. ஆபரேட்டர் அதன் பின்னால் குனிந்து வயர்களை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார்.

"காலு," என்றாள். "அவ காலு தெரியுதா?"

"காலா? மேசை மறைக்குதே. இடுப்புக்கு மேலதான் தெரியுது."

அந்த மேசைக்குப் பின்னால் நிற்க இடம் கிடையாது. மூன்று ஓட்டைகள்தான். கீழேயிருந்து பொம்மைக்குள் கை விடுவதற்கு.

"டிவிகிட்ட போகாதீங்க," என்று சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை.

"சூப்பரா பண்றா. மாமா கேள்வி கேக்கறாரு, இவ டக்குனு கேமராவைப் பாத்து வாயைத் தொறந்து தொறந்து மூடறா. கண்ணு கொட்டவே மாட்டேங்கறா பாரு, யாரு சொல்லிக் குடுத்தா?" பின்னணியில் குட்டியின் குரல் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னது. "வாய் அசையறதுக்கும் குரலுக்கும்தான் சேரல. கொஞ்சம் லேட்டா வருது. அதை மட்டும் சரி பண்ணிடு."