கிளாரா மடத்துக்கு முட்டைகள்

ஸ்பெயினின் தொலேதோ நகரில் ரயிலை விட்டு இறங்கியபோது வெயில் முகத்தில் அறைந்தது. என் கையில் ஒரு டஜன் முட்டை இருந்தது.

இந்த ஊருக்கு இதுதான் முதல் முறை. தேனிலவுக்கு இங்கே வரும் திட்டம் என் மனைவி உஷியாவுடையது. "ரெண்டே நாள்டா. மழையே இல்லாத ஊர்ல காஞ்சுட்டு வரலாம்."

கல்யாணத்தன்று மழை வராதிருக்க, மணப்பெண் புனித கிளாராவின் கன்னியாஸ்திரி மடத்துக்கு முட்டை கொடுப்பது எங்கள் வழக்கம். மழை ஓயாத கலீசியாவில் எங்கள் ஊர் மடத்தைக் கன்னியாஸ்திரிகள் இல்லாமல் பூட்டிவிட்டார்கள். "தொலேதோல குடுத்துக்கலாம். லேட்டுக்கு அபராதமா போடப்போறாங்க?" என்று சிரித்தாள்.

கல்யாணத்தன்று கொட்டியது. மறுநாள் இங்கே வரும் வழியில், அதே மழையில், கார் சறுக்கியது. நான் மட்டும் பிழைத்தேன்.

அவள் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. குரல் மட்டும் போய்விட்டது. கல்யாண வீடியோவில் மழைச் சத்தம்தான் கேட்கிறது. ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டால் போதும். அவள் தரவேண்டிய முட்டையைக் கொடுத்து அதை வேண்டிக்கொள்ளத்தான் வந்தேன்.

மதியத் தூக்க நேரம். சந்தில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. மடத்தின் முன்கூடம் இருட்டாக இருந்தது. மெழுகும் வறுத்த பாதாமும் மணத்தன. சுவரில் சுழலும் மரப்பெட்டி. இந்தப் பக்கம் வைத்துத் தள்ளினால் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவரைப் பார்க்க முடியாது. அவராலும் நம்மைப் பார்க்க முடியாது.

மணியை அடித்தேன்.

"தூய மரியே வாழ்க" என்றது ஒரு கிழட்டுக் குரல். முட்டைகளை வைத்துத் தள்ளினேன். மரம் முனகியது.

"கல்யாணம் எப்போப்பா?"

"மார்ச்லயே முடிஞ்சிடுச்சு, சிஸ்டர்."

"முடிஞ்சப்புறம் முட்டையா! கலீசியாக்காரன்தானே நீ? பேச்சே சொல்லுதே." சிரித்தார். "பொண்ணையும் கூட்டிட்டு வந்தியே, நல்லதுதான்."

"நான் தனியாத்தான்…" என்று ஆரம்பித்தேன்.

"ஏம்மா, தொப்பலா நனைஞ்சிருக்கியா? சொட்டுற சத்தம் கேக்குதே."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வாசலில் வெயில்.

"ம்… ம்… அப்படியா கண்ணு?" என்றார் கன்னியாஸ்திரி.

யாரோ அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்திலிருந்து.

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். "சிஸ்டர், அவ குரல் எப்படியிருக்கு? சொல்லுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"நல்லா இருக்கே! பக்கத்துல நிக்கிற பொண்டாட்டி குரலை என்கிட்ட கேக்கறான்!"

"எனக்குக் கேக்கலை, சிஸ்டர்."



பிறகு, மிக மெதுவாக: "ரெண்டு நாள் போதாதுங்கறாப்பா."

உள்ளே ஒரு கதவு அவசரமாகச் சாத்தப்பட்டது. மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை.

குனிந்தேன்.

என் செருப்புக்கு அருகே, காய்ந்த கல்லில், இரண்டு ஈரமான பாதச் சுவடுகள். விரல்கள் என்னைப் பார்த்து இருந்தன.

நான் ஊர் திரும்பவில்லை. ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன். இலையுதிர் காலமும் வந்துவிட்டது. தொலேதோவில் ஒரு துளி விழவில்லை. ஆனாலும் விடுதிக்கார அம்மாள் தினமும் மெத்தையை வெயிலில் போடுகிறாள். நான் படுக்காத பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது.

"ராத்திரியெல்லாம் உன் வீட்டுக்காரிக்கு என்னப்பா அவ்வளவு பேச்சு?" என்று இன்று காலை கேட்டாள்.

எனக்குச் சொட்டும் சத்தம்தான் கேட்கிறது.