சாம்பார்த் தழும்பு

காலை ஆறே முக்காலுக்குச் செல்போன் அலறியது.

கடலூர் மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டில், காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன சந்திரலேகா அப்படியே நிறுத்தினாள்.

சிதம்பரம் நம்பர்! தோல் டாக்டர் பிரிசில்லாவின் ஆஸ்பத்திரி!

"அக்கா, நர்ஸ் அனுப்பிரியா பேசறேன். டாக்டரம்மா இன்னைக்குப் பதினோரு மணிக்கு உங்கள வரச் சொன்னாங்க. வெறும் வயித்துல வாங்க."

சந்திரலேகா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் முறை வந்துருச்சாம்மா?"

"அதுலதான்க்கா சிக்கல். தழும்புக்குத் தோல் வளக்கற மருந்துப் பெட்டி, கம்பெனிக்காரன் குடுத்தது மொத்தம் பத்து கிட்டு. ஒம்போது ஆயிடுச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. ஆளு ரெண்டு பேரு."

"இன்னொருத்தர் யாரு?"

"யாரோ ஆம்பள. வலது கையில தழும்பு. அடுத்த மாசம் கல்யாணமாம். தெனம் போன் போட்டு உயிர எடுக்கறாரு. ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் டாக்டரம்மா முடிவு சொல்லுவாங்க."

"...சரி. வந்துடறேன்."

போனை வைத்தாள்.

பீரோவைத் திறந்து சிவப்பு ஃபைலை எடுத்துப் பையில் வைத்தாள்.

சந்திரலேகாவுக்கு வயது முப்பத்தொன்று. பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் டைப் அடிக்கிற வேலை. முகத்தின் இடது பாதி, பெற்றவள் கொடுத்தது.

வலது பாதி...

2006 மார்ச் பதினாலாம் தேதி காலை எட்டே காலுக்கு, ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் வந்து ஊற்றிவிட்டுப் போனது!

ஐந்து வருஷமாகக் கடிதம் எழுதினாள். சென்னைக்கு... வேலூருக்கு... பெங்களூருக்கு... தோலை வளர்க்கிறார்கள், செல்லைத் தூவுகிறார்கள் என்று பேப்பரில் நாலு வரி வந்தால் போதும். வெட்டி ஒட்டி, அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம். கார்பன் காப்பி ஃபைலில். மூலையில் வரிசை எண்.

நாற்பத்தொரு கடிதங்கள். வந்த பதில் ஆறு. ஆறும் மன்னிப்புக் கேட்டன.

கடைசியில், எழுதாமல் நேரே போய் நின்ற இடம் சிதம்பரம்.

"தொடையிலருந்து தபால் தலை அளவுக்குத் தோல் எடுப்பேன்." முதல் நாள் டாக்டர் பிரிசில்லா சொன்னார். "செல்லத் தனியாப் பிரிச்சு, தழும்பச் சுரண்டிட்டு அதுமேல தூவுவேன். புதுத் தோல் வரலாம். வராமயும் போகலாம். எதனால வந்த தழும்புன்னு மட்டும் உண்மையச் சொல்லணும், மாத்திச் செஞ்சா மோசமாயிடும். ஆச காட்டி ஏமாத்த மாட்டேன்மா."

பொய் சொல்லாத அந்த ஒரு வாயை நம்பினாள் சந்திரலேகா.

அதே நாள் டாக்டர் இன்னொன்றும் செய்தார். ஃபார்மில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஆசிட்' என்று படித்ததும் போனை எடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னார்.

"அஞ்சு வருஷத்துப் பழசு டாக்டர் இது..."

"அம்பது வருஷமானாலும் சொல்லுவேன். ஆசிட் கேஸ்னா இது என் ஆஸ்பத்திரி வழக்கம். ஃபார்முக்குப் பின்பக்கம் அச்சடிச்சிருக்கேன் பாரு. ஒருத்தரும் படிக்கறதில்ல."

உண்மைதான். ஃபார்மின் பின்பக்கத்தைப் படித்தவன் எவன்!

சந்திரலேகா படித்தாள். டைப் அடிக்கிறவள். ஒரு எழுத்து விடமாட்டாள்.

*

பத்தே முக்கால்.

சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரிகிற சந்து. ஆஸ்பத்திரி ஹாலில் கால் வைத்த சந்திரலேகா நின்றாள்.

மூலை நாற்காலியில்... இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை... மணிக்கட்டுப் பொத்தான் இறுக்கி...

இளவரசு!

சொந்த அத்தை மகன். நெல்லிக்குப்பம் ரோட்டில் பேட்டரி கடை. பெண் கேட்டு வந்தான். மாட்டேன் என்றாள். மூன்றாவது மாதம் பைக் வந்தது.

ஊற்றும்போது அவன் கையிலும் கொஞ்சம் வழிந்தது. ஹெல்மெட்டுக்குள் 'ஐயோ' என்று ஒரு அலறல். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். ஆனால் குரலைக் கோர்ட்டில் காட்ட முடியுமா?

அன்று சாயங்காலமே போலீஸ் அவனைப் பிடித்தது. வலது கையில் பச்சைக் காயம்.

'திருவந்திபுரத்துல சினேகிதன் கல்யாணம் சார். பந்தியில சாம்பார் வாளி கவுந்துருச்சு' என்றான். சினேகிதர்கள் ஐந்து பேர் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்கள். காயம்தான் அவனைக் காப்பாற்றியது! சாம்பார் பட்ட கை கல்யாணத்தில் இருந்தது. அப்படியானால் ஆசிட் ஊற்றிய கை வேறு எவனுடையதோ!

குற்றப்பத்திரிகை இல்லை. ஃபைல் தூங்கியது.

"என்னா லேகா... நீயும் க்யூவா?" இளவரசு பல்லைக் காட்டினான்.

"வாங்க மாமா. கல்யாணமாம், கேள்விப்பட்டேன்."

"ஆவணி பத்து. சேத்தியாத்தோப்புப் பொண்ணு. லட்சணமா இருப்பா." நிறுத்தி, அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தான். "ரெண்டு பக்கமும்."

சந்திரலேகா முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை.

"மாமனாரு ரிட்டையர்டு கம்பவுண்டராமே மாமா. கையக் காட்டுங்க மாப்ளன்னு கேட்டாராமே."

சிரிப்பு நின்றது.

"உனக்கு எவன் சொன்னான்?"

"நம்ம சனத்துல எது மறையுது?"

"கெழவனுக்கு வேற வேல இல்ல. சாம்பாரு இப்படி வழிஞ்சு வழிஞ்சு சுடாதேங்கறான். பெரிய எம்.பி.பி.எஸ்ஸு. ஆவணிக்குள்ள கைய வழவழன்னு ஆக்கிட்டா எதப் பாத்துக் கேப்பான்?" குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. எனக்கு இது நாலு பேரு பாக்கற கை. உன் மூஞ்சிய யாரு பாக்கப் போறா? பேசாம விட்டுக் குடுத்துடு."

"விட்டுக் குடுத்தா என்னா தருவீங்க?"

"பத்திரிக தரேன். கல்யாணத்துக்கு வா. கடைசி வரிசையில ஒக்காரு, கொழந்தைங்க பயப்படும்."

அவன் மடியில் ஃபார்ம் கிடந்தது. அவள் கண் ஒரு தடவை மேய்ந்தது.

தழும்பு ஏற்பட்ட தேதி: 14.3.2006.

காரணம்: கல்யாணப் பந்தியில் சாம்பார் கொட்டியது.

ஐந்து வருஷமாக ஊருக்குச் சொன்ன பொய்யை ஒரு புள்ளி பிசகாமல் எழுதி வைத்திருந்தான்.

"சந்திரலேகா, உள்ள வாங்க" என்றாள் அனுப்பிரியா.

*

டாக்டர் பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றினார்.

"யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. அவருக்குக் கை. உனக்கு மொகம். கடைசி கிட்டு உனக்குத்தான்."

ஐந்து வருஷம்... நாற்பத்தொரு கடிதம்... மேஜைமேல் வெள்ளைப் பெட்டி. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

அவள் கை நீட்டவில்லை.

"அவருக்கே போடுங்க டாக்டர்."

"என்னாம்மா சொல்ற?"

"நான் விட்டுக் குடுக்கறேன்."

"அடுத்த கிட்டு எப்ப வரும்னு எனக்கே தெரியாது. வராமலே போகலாம்."

"தெரியும். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. மொத நாள் எங்கிட்ட என்னென்ன சொன்னீங்களோ, அத அவருகிட்டயும் சொல்லுங்க. ஒரு வார்த்த கொறைக்காம."

"அது எல்லாருக்கும் சொல்றதுதானே. உனக்கு என்னா ஆச்சு? அழுவறியா?"

"இல்ல டாக்டர். இந்தக் கண்ணுல அப்பப்ப தண்ணி வரும். அன்னைலேருந்து."

*

பன்னிரண்டு மணி.

பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் சந்திரலேகா. அந்தப் பக்கம் கட்டிலில் இளவரசு.

"சட்டக் கைய மடிங்க." டாக்டரின் குரல். "நல்லாக் கேட்டுக்குங்க. சூடு பட்ட தழும்புக்கு மேலாகச் சுரண்டுவேன். ஆசிட்னா அடி வரைக்கும் தின்னுருக்கும். ஆழமும் வேற, மருந்தும் வேற. மாத்திச் செஞ்சா தழும்பு தடிச்சுப்போயி மேல மேல ஏறும். அப்பறம் எந்தக் கொம்பனாலயும் எறக்க முடியாது. உங்களுது சாம்பாருதான?"

மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"டாக்டர்... முழங்கை வரைக்கும் ஏறுமா?"

"ஏறும்."

"கல்யாணத்துக்குள்ளயா?"

"அது தழும்பக் கேக்கணும். சாம்பாருதான?"

சந்திரலேகா திரையோரம் காதை வைத்தாள். சாம்பார் என்று அவன் சொல்லிவிட்டால்... கிட்டும் போச்சு, ஐந்து வருஷமும் போச்சு!

"...ஃபார்ம ஒரு நிமிஷம் குடுங்க டாக்டர். அவசரத்துல தப்பா எழுதிட்டேன். கடையில பேட்டரிக்கு ஊத்தும்போது கை தவறி... ஆசிட்தான்."

பேனா கீறும் சத்தம். 'சாம்பார்' அடிபட்டது. 'பேட்டரி ஆசிட்' ஏறியது.

மகா கெட்டிக்காரன்! பேட்டரி கடைக்காரன் கையில் ஆசிட் பட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

காரணத்தை மாற்றியவன் அதற்கு மேல் வரியைப் பார்க்கவில்லை. தேதி அப்படியே நின்றது.

"பின்னாடி எங்க ஆஸ்பத்திரி விதியெல்லாம் இருக்கு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"படிச்சாச்சு டாக்டர்." திருப்பாமலேயே போட்டான்.

"ஊசி போடறேன். இருபது நிமிஷத்துல கை மரத்துப்போகும். கண்ண மூடிக்கிட்டுப் படுங்க."

டாக்டர் வெளியே வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவளை ஒரு பார்வை பார்த்தார். ஃபார்மைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். தன் அலமாரியில் இருந்த இன்னொரு ஃபார்மை எடுத்து அதிலும் தேதியைப் பார்த்தார்.

போனை எடுத்தார்.

*

கண்ணை மூடிப் படுத்திருந்த இளவரசுக்குக் காலடிச் சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டீங்களா டாக்டர்? ஒண்ணுமே தெரியலியே. நல்ல ஊசி."

'க்ளிக்.'

"அது என்னா சத்தம்?"

"கண்ணத் தொறந்து பாருங்க மாப்ள."

திறந்தான்.

வலது மணிக்கட்டில் விலங்கு! மாட்டியதே அவனுக்குத் தெரியவில்லை. கை அவ்வளவு மரத்துப் போயிருந்தது!

விலங்கின் மறுமுனையில் சிதம்பரம் ஸ்டேஷன் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கம். 2006இல் கடலூரில் ஏட்டாக இருந்தவர். சாம்பார் வாக்குமூலத்தைத் தன் கையால் எழுதி எடுத்த அதே பொன்னுரங்கம்!

"சார்... இது என்னா..."

"மார்ச் பதினாலு, 2006. காலையில எங்கடா இருந்த?"

"அதான் அப்பவே சொன்னேனே சார். திருவந்திபுரத்துல..."

"பந்தியில."

"ஆமா சார்."

"கையில என்னா கொட்டுச்சு?"

"சாம்..." பாதியில் நின்றான்.

பொன்னுரங்கம் ஃபார்மை அவன் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"உன் கைப்பட எழுதியிருக்க. அதே கை, அதே தேதி, ஆசிட்டு. எந்தக் கல்யாணத்துலடா பந்தியில பேட்டரி ஆசிட் ஊத்துனான்?"

"கடையில சார்... கடையில இருந்தப்ப..."

"கடையில இருந்தா கல்யாணத்துல இல்ல. கல்யாணத்துல இருந்தா இது ஆசிட் இல்ல. ரெண்டுல எது வேணும், நீயே எடுத்துக்க. அதுக்குள்ள உன் அஞ்சு சினேகிதனையும் ஜீப்பு அனுப்பிக் கூட்டியாரச் சொல்லியிருக்கேன். பொய்ச் சாட்சிக்கு உள்ள போவியா, உண்மையச் சொல்லிட்டு வீட்டுக்குப் போவியான்னு கேட்டா, எவன் மொதல்ல வாயத் தொறக்கறான்னு பாப்போம்."

திரை விலகியது.

சந்திரலேகா நின்றாள். ஜன்னல் வெளிச்சம் வலது பாதியில் விழுந்தது.

"லேகா... நீயாடி?"

"எனக்கென்ன மாமா தெரியும். நான் கிட்டு விட்டுக் குடுத்தவ."

டாக்டர் பிரிசில்லா வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். சீல் உடையவில்லை.

"மரத்துப்போகத்தான் ஊசி போட்டேன். பெட்டியப் பிரிக்கல. ஆனா எனக்கு ஒண்ணு புரியலம்மா. ஊர்ல இத்தன ஆஸ்பத்திரி இருக்க, இவன் எப்படிச் சரியா இங்க வந்து சேந்தான்?"

சந்திரலேகா பையைத் திறந்தாள். சிவப்பு ஃபைல். கடைசி இரண்டு கார்பன் காப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

எண் 42. பெறுநர்: தட்சிணாமூர்த்தி, ஓய்வு பெற்ற கம்பவுண்டர், சேத்தியாத்தோப்பு. 'ஐயா, தங்கள் மாப்பிள்ளையின் வலது கையைச் சட்டை மடித்துப் பார்க்கவும். சாம்பார் இப்படிச் சுடுமா என்று தங்கள் அனுபவத்தில் சொல்லவும்.'

எண் 43. பெறுநர்: இளவரசு, பேட்டரி கடை. 'தழும்பு தெரியாமல் மறைய, சிதம்பரத்தில் புதிய வைத்தியம்.' கூடவே, டாக்டர் பிரிசில்லாவைப் பற்றிய பேப்பர் துண்டு. அனுப்புநர்: தங்கள் நலம் விரும்பி.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயா வரவழச்ச? கிட்டு ஒண்ணுதான் மிஞ்சும்னு தெரியுமா அப்ப?"

"காலையில போன் வந்தப்பதான் தெரிஞ்சுது. அதுக்காக விட முடியுமா டாக்டர்? தழும்பு போயிடும்னு ஒருத்தர் சொன்னா, தழும்பு உள்ளவங்க எவ்ளோ தூரம் வேணா வருவாங்க. அஞ்சு வருஷமா அலைஞ்சவ நான். எனக்குத் தெரியாதா?" கார்பன் காப்பிகளை ஒழுங்காக அடுக்கினாள். "ஒடம்பு சரியாவணும்னு எழுதுன நாப்பத்தொண்ணுக்கும் வழி பொறக்கல. இந்த ரெண்டும் இன்னைக்குப் பலிச்சிருச்சு."

இளவரசு பல்லைக் கடித்தான். "சனியனே... உன்ன அன்னைக்கே முழுசா..."

"சொல்லு சொல்லு," என்றார் பொன்னுரங்கம், பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தபடி. "முழுசா என்னா? டாக்டரு, நர்ஸு, நானு, மூணு பேரு சாட்சிக்கு இருக்கோம்."

அவனைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தினார்.

டாக்டர் பெட்டியின் சீலில் நகத்தை வைத்தார். "படுத்துக்கம்மா. உன் கிட்டு உனக்கே."

"ஒரு நிமிஷம் டாக்டர். மொதல்ல போட்டோ எடுங்க. நாலு பக்கமும், பெரிசா. கேஸ் வரும்போது ஜட்ஜு இந்த மூஞ்சியத்தான் பாக்கணும்." கட்டிலைக் கையால் தட்டினாள். அவன் படுத்த சூடு இன்னும் இருந்தது. "அனுப்பிரியா, இந்த விரிப்ப மாத்திடும்மா. அப்பறம் படுக்கறேன்."

பொன்னுரங்கம் விலங்கை இழுத்தார். மரத்த கை பின்னால் தொங்கிக்கொண்டே போனது.

வாசலில் நின்று திரும்பினார்.

"மாப்ள, வெறும் வயித்தோட வந்திருப்ப. ஸ்டேஷன்ல இட்லி வாங்கித் தரேன்... சாம்பாரு மட்டும் கையில கொட்டிக்காத!"